வாழ்வின் பொருளைப் பற்றி விசுவாசியும் நாத்திகரும் ஒரே மேசையில் பேசுவது எப்படி

எங்கள் குடும்பத்தில் ஞாயிறு ஆராதனைக்கு ஒரு வாரம்கூடத் தவறாதவர்களும் இருக்கிறார்கள். அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘விடுதலை’ நாளிதழை வரி விடாமல் படித்து முடிப்பவர்களும் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது அப்படியொன்றும் அதிசயமில்லை. இத்தகைய வீடுகளில் ‘வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம்?’ என்ற கேள்வி, அதைப் பேச யாரும் தயாராக இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பும்: துக்க வீட்டுப் பந்தலிலோ, கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெற்றிலை மடிக்கும்போதோ. ஐந்தாவது நிமிடத்தில் குரல் உயரும். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் செருப்பைத் தேடுவார். அப்படிப் பல முறை நடந்த பிறகு, உறவினரும் நண்பருமாக ஆறேழு பேர் மாதம் ஒரு மாலையை ஒதுக்கி, நிதானமாக உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். எது பேச்சை வளர்த்தது, எது கெடுத்தது என்று அந்த அமர்வுகளில் நான் கற்றுக்கொண்டதை, இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் விசுவாசி, அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. படிக்கிறவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

சொற்களில் தொடங்குங்கள்

முதல் அமர்வில் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கைத் தொடவே வேண்டாம். அதைத் தொட்டால் அந்த மாலை முழுவதும் அதற்கே போய்விடும். வாழ்வின் பொருள் என்னும் கேள்விக்கு முறையே வராது. மாறாக, இரு தரப்பும் அன்றாடம் எடுத்து வீசும் சில சொற்களைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

‘நாத்திகர்’ என்ற சொல்லையே முதலில் எடுக்கலாம். வேதத்தை இகழ்பவனே நாஸ்திகன் என்கிறது மனுஸ்மிருதியின் 2-ஆம் அத்தியாயம். அந்தக் கணக்கில் சமணரும் பௌத்தரும் மட்டுமல்ல, ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் கிறிஸ்தவரும் நாத்திகரே. மேற்கிலும் இதே வேடிக்கை உண்டு. உருவமும் வைக்காமல், ரோமின் தெய்வங்களுக்குப் பலியும் இடாமல் இருந்த ஆதிக் கிறிஸ்தவர்களை ரோமானியர்கள் ‘கடவுள் அற்றவர்கள்’ என்றுதான் அழைத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள சிமிர்னா நகரத்தின் ஆயரான முதியவர் பாலிகார்ப்பை விளையாட்டரங்கில் கொண்டுவந்து நிறுத்திய ஆளுநர், “நாத்திகர்கள் ஒழிக என்று சொல்” என்று கட்டளையிட்டார். பாலிகார்ப் அரங்கில் நிரம்பியிருந்த கூட்டத்தைப் பார்த்து, அவர்களை நோக்கிக் கையை அசைத்து, வானத்தை அண்ணாந்து பெருமூச்சுவிட்டு, “நாத்திகர்கள் ஒழிக” என்றார். பிறகு அவரை எரித்தார்கள். இதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும். ‘நாத்திகர்’ என்பது ஒருவரின் ஒழுக்கத்துக்கு மற்றவர் கொடுக்கும் சான்றிதழ் அல்ல, யாருடைய கடவுளை மறுக்கிறார் என்பதைப் பொறுத்து இடம் மாறும் சொல் என்பது அதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிடும். “தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்” என்ற சங்கீத வசனத்தை எடுத்து எதிரில் இருப்பவர்மீது எறியும் பழக்கமும் அத்தோடு நின்றுவிட்டால் நல்லது. எங்கள் மேசையில் அது நிற்க மூன்று மாதம் ஆயிற்று.

அடுத்த சொல் ‘மாயை’. “மாயை, மாயை, எல்லாம் மாயை என்று பிரசங்கி சொல்லுகிறான்” என்ற, வேதாகமத்தின் பிரசங்கி புத்தகத்து வரியைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். மூல எபிரெயத்தில் அந்த இடத்தில் உள்ள சொல்லுக்கு மூச்சு, நீராவி என்பதே நேர்ப்பொருள்: குளிர்காலக் காலையில் வாயிலிருந்து வெளிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துபோகிற அந்தப் புகை. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு வேதாந்தத்திலிருந்து ‘மாயை’யை எடுத்துக்கொண்டார்கள், 1995-இல் வந்த திருவிவிலியமோ ‘வீண்’ என்று போட்டது. இவை மூன்றும் ஒன்றல்ல. உலகம் பொய்த்தோற்றம் என்பது ஒரு கூற்று. உலகம் பயனற்றது என்பது வேறு கூற்று. உலகம் மெய்தான், ஆனால் கையில் நிற்காது என்பது மூன்றாவது. பிரசங்கி சொல்வது இந்த மூன்றாவதுதான் என்று நான் நினைக்கிறேன். அப்படிப் படித்தால், கடவுளை நம்பாதவரும் அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை ஏறக்குறையத் தடையின்றி ஒப்புக்கொள்வதைக் காண்பீர்கள்.

ஒரு கேள்விக்குள் மூன்று

இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப்போவதாக இருந்தால் இந்தப் பகுதியை எடுத்துப்போங்கள். ‘வாழ்வின் பொருள் என்ன?’ என்பது தமிழில் ஒரு வரிதான்; ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த உலகம், அதில் மனித இனம், எதற்காக இருக்கிறது என்பது ஒன்று. நான் இன்று காலை எழுந்து எதற்காக உழைக்க வேண்டும் என்பது இரண்டாவது. நான் போன பிறகு, நான் வாழ்ந்ததற்கு ஏதாவது மதிப்பு நிற்குமா என்பது மூன்றாவது.

கிறிஸ்தவ விசுவாசத்தில் இந்த மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் வருகிறது: படைத்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் அன்பினால் படைத்தார், அந்த அன்பு சாவோடு முடிவதில்லை. ஆகவே விசுவாசிக்கு இவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றுவதே இல்லை. நாத்திகருக்கோ இவை முற்றிலும் வேறு வேறு. முதல் கேள்விக்கு ‘எதற்காகவும் இல்லை’ என்று சொல்லிவிட்டு, இரண்டாவதற்கு நாள் முழுக்க நீளும் பதிலை அவர் வைத்திருக்க முடியும். சண்டை பிறக்கும் இடம் இதுதான்: நாத்திகர் முதல் கேள்விக்குச் சொன்ன ‘இல்லை’யை விசுவாசி இரண்டாவது கேள்விக்குச் சொன்னதாகக் கேட்டுக்கொண்டு, “அப்படியானால் எதற்கு உயிரோடிருக்கிறாய்?” என்று வாய் தவறிக் கேட்டுவிடுகிறார்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1948 ஜனவரி 28 அன்று பிபிசி வானொலியில், கடவுளை நம்பாத ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இயேசு சபைத் துறவியான ஃபிரெடரிக் காப்பிள்ஸ்டனும் நடத்திய விவாதம். உலகம் முழுமைக்கும் ஒரு காரணம் வேண்டாமா என்று காப்பிள்ஸ்டன் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பிரபஞ்சம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான் என்று ரஸ்ஸல் முடித்துக்கொள்கிறார். இதைக் கேட்ட விசுவாசி, ‘எவ்வளவு வறண்ட மனிதர்’ என்று எண்ணக்கூடும். ஆனால் அதே மனிதர் முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக 1918-இல் சிறை சென்றவர். அணு ஆயுதங்களுக்கு எதிரான போராட்டத்துக்காக 1961-இல், 89 வயதில், மறுபடியும் சிறை சென்றவர். முதல் கேள்வியைத் தள்ளிவிட்டவர், இரண்டாவது கேள்விக்குத் தம் முதுமையையே பதிலாகக் கொடுத்தார்.

செய்முறை எளியது. ஒரு தாளில் மூன்று கேள்விகளையும் எழுதி மேசை நடுவில் வையுங்கள். யார் பேசத் தொடங்கினாலும், எந்த எண்ணுக்குப் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். முதலில் பள்ளிக்கூடம் போல இருக்கும். இரண்டாம் அமர்வில் பழகிவிடும்.

எதிராளியின் வாயாகப் பேசிப் பாருங்கள்

நாத்திகர் கிறிஸ்தவ நிலைப்பாட்டைத் தம் சொற்களில் சொல்ல வேண்டும். விசுவாசி நாத்திக நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவர், “ஆமாம், நான் சொல்வது இதுதான்” என்று தலையாட்டும் வரைக்கும் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

நாத்திகர்கள் வழக்கமாக இடறும் இடம் பரலோகம். கிறிஸ்தவரின் வாழ்வுக்குப் பொருள் என்பது மோட்சத்துக்கு முன்பதிவு செய்து வைப்பதே என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். (அப்படி வாழ்கிற கிறிஸ்தவர்கள் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.) ஆனால் 1647-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை என்னும் கிறிஸ்தவப் போதனை நூலை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள 107 கேள்விகளில் முதலாவதே மனிதனின் தலையாய நோக்கம் என்ன என்பதுதான். கடவுளை மகிமைப்படுத்துவதும் அவரில் என்றென்றும் மகிழ்ந்திருப்பதும் என்பது விடை. இரண்டாவது பாதியைப் பிரசங்க பீடங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. நோக்கம் என்றதும் கடமை, கணக்கு, தண்டனை என்று நினைக்கிறோம். இந்த விடையோ மகிழ்ச்சி என்கிறது. ‘என் வாழ்வு எனக்குத் தரப்பட்டது, தந்தவர் என்னை விரும்புகிறார்’ என்பதே கிறிஸ்தவ நிலையின் உயிர்நாடி. அத்தோடு, அது ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியின்மேல் பந்தயம் கட்டியிருக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். “கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்” என்று கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் தம் மதத்தைத் தாமே நடுச்சந்தியில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். அது உண்மையோ இல்லையோ மனத்துக்கு ஆறுதல் தருகிறதே என்பது கிறிஸ்தவ வாதமே அல்ல. அப்படிப் பேசுகிற விசுவாசியை அவருடைய பக்கத்தாரே திருத்த வேண்டும்.

விசுவாசிகள் இடறும் இடம், நாத்திகம் என்றால் விரக்தி என்று எண்ணுவது. பாரிஸில் 1945 அக்டோபர் 29 அன்று ஆற்றிய உரையில் பிரெஞ்சு நாத்திகத் தத்துவவாதி சார்த்தர் காகிதம் வெட்டும் கத்தி ஒன்றை உவமையாகச் சொன்னார். கத்தியைச் செய்பவனுக்கு, செய்யும் முன்பே அது எதற்கு என்று தெரியும். ஆகவே கத்தியின் நோக்கம் கத்திக்கு முந்தியது. மனிதனைச் செய்தவர் எவரும் இல்லையென்றால், மனிதன் முதலில் இருக்கிறான், பிறகுதான் தான் எதற்கு என்பதைத் தன் செயல்களால் எழுதுகிறான். இதைக் கேட்டு ‘அப்படியானால் எதையும் செய்யலாமே’ என்று குதிப்பவர்கள், அவர் சொன்ன மறுபாதியைக் கவனிப்பதில்லை: எழுதுகிறவன் நானே என்றால், பிழைக்குச் சாக்கும் எனக்கு இல்லை. 1942-இல் பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு எடுத்துக்கொண்ட, கிரேக்கப் புராணத்துச் சிசிஃபஸின் கதையும் இத்தகையதே. பாறையை மலை உச்சிக்கு உருட்டுவதும், அது உருண்டுவிட மீண்டும் இறங்கி வருவதுமாக முடிவில்லாத தண்டனை பெற்றவன். அவன் மகிழ்ச்சியாக இருப்பதாகவே நாம் எண்ணிக்கொள்ள வேண்டும் என்று முடித்தார் காம்யு. அந்த ‘வேண்டும்’ என்ற சொல்லில் தெரியும் பிடிவாதத்தை விரக்தி என்று யாரால் சொல்ல முடியும்?

இவையெல்லாம் பாரிஸ் சமாசாரம். தமிழ்நாட்டு நாத்திகத்தின் சுவை வேறு, இதை அமர்வில் கட்டாயம் பேசுங்கள். ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்று பெரியார் சொன்னபோது, தனியறையில் உட்கார்ந்து இருப்பின் வெறுமையை அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மனிதனைக் கீழ்மேலாக அடுக்கி, அந்த அடுக்குக்குக் கடவுளின் கையெழுத்தை வாங்கி வைத்திருந்த ஒரு சமூகத்தோடு அவர் மல்லுக்கு நின்றார். சுயமரியாதை என்பதே அங்கே இரண்டாம் கேள்விக்கான பதில். இதைக் கேட்கும் தமிழ்க் கிறிஸ்தவர், நாத்திகர் நினைவூட்டும் முன் தாமே எங்கள் வடக்கன்குளத்துக் கதையைச் சொல்லிவிடுவது நல்லது. ஒரே ஆண்டவரைத் தொழவந்த சாதிகளைப் பிரித்து உட்கார வைக்கவே கோயிலுக்குள் ஒரு சுவர் நின்றது; 1910-இல் அதை இடித்தபோது, இடித்தது தவறென்று நீதிமன்றம் வரை போனார்கள். தேவசாயலாகப் படைக்கப்பட்டவன் மனிதன் என்பதுதான் வாழ்வின் பொருள் என்று சொல்கிறவர்கள், அந்தச் சுவரைத் தாண்டித்தான் மேசைக்கு வர முடியும்.

இரண்டு தூக்குமேடைகள்

கொள்கையாகப் பேசியது போதும் என்ற கட்டத்தில், இரண்டு மனிதர்களை அருகருகே வைத்துப் படியுங்கள். எங்களுக்கு மிகவும் பயன்பட்ட அமர்வு இதுவே. ஒரு மாலையில் முடியவில்லை, மூன்று மாலைகள் பிடித்தன.

ஒருவர் பகத் சிங். லாகூர் மத்தியச் சிறையில் 1930 அக்டோபரில், தாம் ஏன் நாத்திகர் என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். 1931 மார்ச் 23 அன்று, 23 வயதில், தூக்கிலிடப்பட்டார். அவர் இறந்த பிறகே அது அச்சேறியது. சில ஆண்டுகளில், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா (ப. ஜீவானந்தம்) அதைத் தமிழாக்கினார். அதற்காகச் சிறையும் கண்டார். தம் நாத்திகம் அகந்தையால் வந்தது என்ற குற்றச்சாட்டுக்கு விடையாகத்தான் பகத் சிங் அதை எழுதத் தொடங்குகிறார். முதன்முறை கைதானபோது, பிரார்த்தனை செய் என்று போலீஸ் அதிகாரிகள் வற்புறுத்திய நிகழ்ச்சியை அதில் சொல்கிறார். அமைதியான நாட்களில் நாத்திகன் என்று பெருமை பேசிவிட்டு, ஆபத்து வந்ததும் கைகூப்பிவிடுவேனா என்று தம்மைத் தாமே சோதித்துப் பார்த்ததாகவும், கடைசிவரை பிரார்த்தனை செய்யவில்லை என்றும் எழுதுகிறார். மறுபிறவியில் அரசனாவேன் என்று ஒருவன் எதிர்பார்க்கலாம், சொர்க்கத்தின் சுகங்களை இன்னொருவன் எதிர்பார்க்கலாம். கழுத்தில் கயிறு இறுகி, காலுக்குக் கீழே பலகை விலகும் அந்தக் கணமே தமக்குக் கடைசிக் கணம் என்கிறார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. பெருமையான முடிவு எதுவும் இல்லாத ஒரு குறுகிய போராட்ட வாழ்வு, அதுவே தமக்குப் பரிசு. இங்கேயோ மறுமையிலோ கைம்மாறு எதிர்பார்க்காமல் விடுதலைக்குத் தம்மைக் கொடுத்ததற்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: வேறு விதமாக இருக்கத் தம்மால் முடியவில்லை.

மற்றவர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். ஜெர்மானிய லூத்தரன் போதகர். காந்தியைச் சந்திக்க இந்தியா வர விரும்பி, 1934-இல் காந்தியிடமிருந்து அழைப்புக் கடிதமும் பெற்றிருந்தார்; வர முடியாமல் போயிற்று. 1939-இல் பாதுகாப்பாக நியூயார்க் போய்ச் சேர்ந்தவர், சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார்: தம் நாட்டுக் கிறிஸ்தவர்களின் துன்ப காலத்தில் உடனில்லாவிட்டால், போர் முடிந்த பிறகு அங்கே எதையும் கட்டியெழுப்பத் தமக்கு உரிமை இருக்காது என்று நினைத்தார். ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்தார். 1943-இல் கைது, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கு. அவருக்கு வயது 39. இரண்டு வாரங்களில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. உடனிருந்த ஆங்கிலேயக் கைதி ஒருவர் வழியாக நமக்கு வந்து சேர்ந்த அவருடைய விடைபெறும் சொற்கள்: இதுவே முடிவு, எனக்கு இது வாழ்வின் தொடக்கம்.

ஒருவருக்கு அந்தக் கணம் முற்றுப்புள்ளி, மற்றவருக்குத் தொடக்கம். மூன்றாம் கேள்விக்கு அவர்கள் தரும் விடைகளுக்கு நடுவில் பாலம் கிடையாது. இருப்பதாகக் காட்டி இனிப்பு தடவாதீர்கள். ஆனால் இரண்டாம் கேள்வியில் பாருங்கள். இருவருமே தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பை மற்றவர்களுக்காகக் கைவிட்டவர்கள். மறுமையை நம்பியவர் அதைக் காட்டி இந்த உலகத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. மறுமை இல்லை என்றவர் அதைக் காட்டித் தன்னலத்துக்குள் ஒதுங்கவில்லை. போன்ஹோஃபர் இன்னும் ஒரு படி போகிறார். தெகல் சிறையிலிருந்து 1944-இல் நண்பருக்கு எழுதிய கடிதங்களில், மதப்பற்றுள்ளவர்களைவிட மதமற்றவர்களிடமே தம் மனம் அடிக்கடி ஒட்டுகிறது என்கிறார். மனித அறிவு தொடமுடியாத சந்துகளில் மட்டும் கடவுளை வைத்துப் பூட்டுவதைக் கண்டிக்கிறார். கடவுளுக்கு முன்பாகவும் கடவுளோடும் நாம் கடவுள் இல்லாமல் வாழ்கிறோம் என்று எழுதுகிறார். இந்த வரியை நான் வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர், “இன்னொரு தடவை வாசியுங்கள்” என்றார். இரண்டாம் முறை வாசித்த பிறகும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தேநீர் ஆறிப்போகும் வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் கடனை நீங்களே படியுங்கள்

அடுத்த கட்டம் கடினமானது. ஒவ்வொரு தரப்பும் தன்னால் அடைக்க முடியாத கடனைத் தானே மேசையில் வைக்க வேண்டும். எதிராளியின் கடன்பத்திரத்தை உரக்க வாசிப்பது எல்லோருக்கும் கைவந்த கலை. அதை இந்த அமர்வில் தடை செய்துவிடுங்கள்.

பொதுவாகப் பேசினால் நழுவிவிடுவார்கள் என்பதால், இரு தரப்புக்கும் ஒரே நிகழ்ச்சியைக் கொடுங்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் உழவர்களின் குடும்பத்தார் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு சிறு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

விசுவாசி இங்கே என்ன சொல்வார்? அது கிறிஸ்துமஸ் இரவு. ‘தேவன் நம்மோடிருக்கிறார்’ என்று ஆலயங்களில் பாடிக்கொண்டிருந்த அதே இரவில் அந்தக் குடிசைக்குள் அவர் யாரோடு இருந்தார்? “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்ற ரோமர் நிருப வசனத்தை அந்தச் சாம்பலின் முன் நின்று என்னால் சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் அந்த வசனத்தை அவமதிக்கிறார்கள் என்றே கருதுகிறேன். என்னிடம் இருப்பது, சிலுவையில் தொங்கியவரே “என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறினார் என்பது மட்டும். வெந்தவர்களின் பக்கத்தில் வெந்தவராக அவர் இருந்தார் என்று நம்புகிறேன். ஏன் தடுக்கவில்லை என்பதற்கு அது விடையல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

நாத்திகரின் கடன் வேறு இடத்தில் இருக்கிறது. அன்று இரவு தடுக்கக் கடவுள் எவரும் இருக்கவில்லை என்பதால், ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி அவரை வாட்டுவதில்லை. ஆனால் அந்த 44 பேருக்கு இனி நீதி என்று ஒன்று உண்டா? அடுத்த வெண்மணி நிகழாமல் தடுக்கலாம், கூலியை உயர்த்தலாம், ஆண்டுதோறும் அந்த இடத்தில் கூடி அவர்களை நினைக்கலாம். இவையெல்லாம் உயிரோடிருப்பவர்களுக்குக் கிடைப்பவை. அந்தக் குடிசைக்குள் இருந்த குழந்தைக்கு எதுவும் கிடைக்காது. எங்கள் கூட்டத்து நாத்திகர்களில் ஒருவர் இதை மழுப்பவில்லை. “ஆமாம், அந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது; அதனால்தான் எனக்குக் கோபம் குறைவதே இல்லை” என்றார். பொருளை நாமே உண்டாக்குகிறோம் என்றால், தீ வைத்தவன் உண்டாக்கிக்கொண்ட பொருளைவிட என்னுடையது மேலானது என்று எந்த அளவுகோலால் சொல்வேன் என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். துன்பம் துன்பமே, அதை அறிய வேதநூல் வேண்டியதில்லை என்பது அவர் பதில். அது போதுமா என்று அன்றைக்கு நாங்கள் முடிவு கட்டவில்லை.

எங்கே, எப்போது கூடாது

மருத்துவமனைக் கட்டிலருகே கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் சித்தப்பா வாழ்நாள் முழுக்கப் பகுத்தறிவாளர். சித்தி நாள் தவறாமல் வேதம் வாசிப்பவர். சித்தப்பாவின் கடைசி வாரத்தில் ஒரு மாலை, குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிவிட்டு நர்ஸ் வெளியே போனதும், நான் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, “இப்பவாவது ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுவோமா சித்தப்பா?” என்றேன். அந்த ‘இப்பவாவது’ என்ற சொல்லில் எவ்வளவு ஆணவம் இருந்தது என்பது, அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. “உனக்கு வேணும்னா நீ பண்ணுடே. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார். நான் பண்ணவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சித்தி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடத்தில் ஒருமுறைகூடத் தான் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்.

அவர் விரும்பியபடி உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. சடங்கும் ஜெபமும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார், அப்படியே நடந்தது. வண்டி கிளம்பிய பிறகு சித்தி அடுக்களையில் போய் உட்கார்ந்து தொண்ணூறாம் சங்கீதத்தைத் தாழ்ந்த குரலில் வாசித்தார். கறுப்புச் சட்டை நண்பர்கள் முற்றத்தில் நின்றிருந்தார்கள். உள்ளே குரல் கேட்டதும் பேச்சைத் தாழ்த்திக்கொண்டார்கள். துக்க வீட்டில் இரு தரப்பும் செய்யவேண்டியது இவ்வளவுதான். இறந்தவர் எங்கே போனார் என்று விசுவாசி தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வாசிக்கிற மனைவியின் கண்ணீர் பயத்தால் வருகிறது என்று நாத்திகர் விளக்கம் சொல்லவும் வேண்டாம்.

மற்றபடி, நடைமுறைக்குச் சில குறிப்புகள். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கூட்டம் பெருகினால் எல்லோரும் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். கைப்பேசியில் வசனமோ மேற்கோளோ தேடிக்கொண்டு வந்து நீட்டுவதை அனுமதிக்காதீர்கள். முடிவில் ஜெபமும் வேண்டாம், முழக்கமும் வேண்டாம். சுண்டலும் தேநீரும் போதும். அமர்வுக்கான வாசிப்புப் பகுதியை, அதை ஏற்காதவரே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து வந்து, அடுத்த முறை எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால், தயாரிப்பு இல்லாமல் வந்து உட்காருபவர்கள் குறைவார்கள். சென்ற மாதம் பிரசங்கி மூன்றாம் அதிகாரத்தைக் கறுப்புச் சட்டைக்காரர் வாசித்தார். இந்த மாதத்துக்கு பகத் சிங்கின் கட்டுரையை வாங்கிப் போயிருப்பவர் என் சித்தி. எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, கொஞ்சம் பெரிதாக்கி நகலெடுத்துக் கொடு என்று நேற்றுத்தான் தொலைபேசியில் சொன்னார்.